எங்கள் வளவு: குஞ்சுகளுக்கு என்ன விரிப்பது?



போன மாதம் ஒரு ஞாயிறு இரவு ரொறன்ரோவில் இருந்து என் தங்கை மகன் போன் எடுத்தான். சுகம் விசாரித்து முடிந்த பிறகு, "பெரியம்மா, ஒண்டு கேக்கப்போறன், சிரிக்கக்கூடாது" என்றான். பெடியன் பாம்பு வளர்க்கத் தொடங்கியிருக்கிறானாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தான் படுக்கிற அறைக்குள்ளேயே! வட அமெரிக்காவில் உள்ள ஒரு வகையாம், கோர்ன் பாம்பு என்று பெயராம், விஷம் இல்லையாம். பெட்டிக்குள் அடியில் என்ன விரிப்பது என்பதுதான் அவனுடைய பிரச்சினை. கடைக்காரன் ஒன்று சொல்கிறானாம், கூட்டாளி வேறொன்று சொல்கிறானாம். "நீங்கள் கோழிக்கு உமி விரிக்கிறனீங்கள் எல்லோ, அதுதான் உங்களிட்டக் கேட்டன்" என்றான்.

சிரிக்காமல் எப்படி இருப்பது? வரப்பில் பாம்பைக் கண்டால் தடி தேடுகிற எங்களிடம் பாம்புக்குப் பாய் விரிக்க யோசனை கேட்கிறான். ஆனால் அவன் தான் விசாரித்து அறிந்ததைச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. வாசம் கூடிய சீடர் மரத்தின் சீவலைப் போடக்கூடாதாம், அதன் எண்ணெய் பாம்பின் சுவாசத்தைக் கெடுக்குமாம். அஸ்பென் என்ற மரத்தின் காய்ந்த சீவல் நல்லதாம். விரிப்பு ஈரமாகக் கிடந்தால் பாம்பின் வயிற்றுப் பக்கத்தில் புண் வருமாம். ஒன்றும் இல்லாவிட்டால் பத்திரிகைத் தாளே போதுமாம்.

இதையேதான் 2011ஆம் ஆண்டு ஒரு கால்நடை வைத்தியர் என்னுடைய கோழிக்கூட்டு வாசலில் குந்தி இருந்து எனக்குச் சொன்னார். அப்போது 17 குஞ்சுகள் செத்திருந்தன. ஆகவே இந்த மாதம் கோழிக் குஞ்சுகளுக்கு விரிக்கும் படுக்கையைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன்.

நாங்கள் 2010இல் கிளிநொச்சிப் பக்கத்துச் சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தோம். அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஒரு உதவித் திட்டத்தில் எனக்கு 25 குஞ்சுகள் கிடைத்தன. ஒரு நாள் வயதுக் குஞ்சுகள். தீன் ஒரு மூடை தந்தார்கள், தீன் பாத்திரம் தந்தார்கள், தண்ணீர்ப் பாத்திரம் தந்தார்கள், கூடு அடிக்கத் தகரமும் கம்பி வலையும் தந்தார்கள். கையெழுத்து வாங்கிப் படமும் எடுத்தார்கள். நிலத்தில் என்ன போடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊர்க்கோழி வளர்த்த எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. ஊர்க்கோழி பகலில் வளவெல்லாம் கிளறித் திரியும், இரவில் முருங்கையில் ஏறிப் படுக்கும். அதன் எச்சம் வளவெல்லாம் பரந்து போய்விடும். அடைத்து வளர்க்கும் குஞ்சு அப்படி அல்ல. அது தின்பதும் கழிப்பதும் படுப்பதும் அதே இரண்டு பாய் அகல இடத்தில்தான்.

பக்கத்து மரக்காலையில் மரத்தூள் சும்மா கிடந்தது. நாலு உரப்பை அள்ளி வந்து அப்படியே கொட்டிப் பரப்பினேன். பச்சை மரம் அரிந்த தூள். கையில் எடுத்தபோதே குளிர்ந்தது. அது ஈரம் என்று எனக்குத் தெரியவில்லை, புதுத்தூள் என்று சந்தோஷப்பட்டேன். முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு மாரி தொடங்கியது. தகரத்தின் ஒரு மூலை ஒழுகியது, தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சுகள் தட்டி ஊற்றின. நாலாம் வாரம் குஞ்சுகள் செட்டையைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்றன. எச்சத்தில் இரத்தம். ஒரு நாள் மூன்று, அடுத்த நாள் ஐந்து.

வைத்தியர் வந்து செத்த குஞ்சு ஒன்றை வெட்டிக் காட்டினார். குடலின் ஒரு பகுதி முழுக்க இரத்தம் கட்டி இருந்தது. இரத்தக் கழிச்சல் நோய், கொக்சிடியோசிஸ் என்று சொன்னார். தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்தும் தந்தார். அதன் பிறகுதான் அவர் குனிந்து கூட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி மரத்தூளை அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கால் தண்ணீர் கசிந்தது.

"அம்மா, மருந்து குடுத்தால் நோய் நிற்கும். ஆனால் இந்தப் படுக்கையில விட்டால் திரும்ப வரும்" என்றார். அந்த நோய்க் கிருமியின் முட்டை எச்சத்தோடு வெளியே வருகிறதாம். காய்ந்த நிலத்தில் அது முதிர முடியாமல் கெட்டுப் போகும். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் ஒன்று இரண்டு நாளில் முதிர்ந்து, அடுத்த குஞ்சு கொத்தித் தின்னக் காத்திருக்கும்.

அந்தக் கசிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் நினைவுக்கு வந்தது. 2009 ஓகஸ்ட் மாத மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்த அந்த இரவுகள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. நனைந்த தறப்பாளின் மேல் அவளைப் படுக்க வைக்க மனமில்லாமல், குந்தி இருந்து மடியிலேயே வைத்திருந்தேன். அதன் பிறகும் ஒரு மாதம் இருமினாள். ஈரத்தில் படுப்பது என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அப்படி இருந்தும் 25 குஞ்சுகளை ஈரத்தில் விட்டிருக்கிறேன். உங்களில் பலருக்கு இது விளங்கும்.

சரி, என்ன விரிக்கலாம்? விரிப்பின் வேலை இரண்டு. எச்சத்தின் ஈரத்தை உறிஞ்ச வேண்டும், உறிஞ்சியதைக் காற்றுக்கு விட்டுத் தானும் காய வேண்டும். முதல் வேலையை மட்டும் செய்கிற பொருள் எங்களை ஏமாற்றும். என் மரத்தூள் அப்படித்தான் செய்தது.

கிடைத்தால் தச்சுப் பட்டறையின் மரச்சீவலை எடுங்கள். இழைப்புளியில் இருந்து சுருள் சுருளாக வருமே, அது. உறிஞ்சவும் செய்யும், இடையில் காற்றும் போகும், கட்டியாகாது. காய்ந்த பலகையை இழைத்ததாக இருக்க வேண்டும். வாசம் தூக்கலாக அடிக்கும் புதுமரம் என்றால் நன்றாகக் காயவிட்டு எடுங்கள். கறையானுக்கு மருந்து அடித்த பலகை, வர்ணம் பூசிய பழைய பலகை, ஒட்டுப்பலகை இவற்றின் சீவல் வேண்டாம். குஞ்சு எதையும் கொத்திப் பார்க்கும். பட்டறையில் ஆணியும் விழுந்து கிடக்கும். பழுதான றேடியோவின் ஸ்பீக்கரில் உள்ள காந்தத்தை ஒரு நூலில் கட்டிச் சீவலுக்குள் இழுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கத்தில் கூடுதலாகக் கிடைப்பது உமி. உமி அவ்வளவாகத் தண்ணீர் உறிஞ்சாது. ஆனால் பொலபொலவென்று கிடக்கும், கெதியில் காயும், இலகுவில் கட்டிபடாது. நான் இப்போது பாவிப்பது அதுதான். உமி வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஊர்களில் உள்ள பழைய சிறிய மில்லில் உமியும் தவிடும் குறுநலும் சேர்ந்துதான் வெளியே வரும். குஞ்சுகள் அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு தீனை விட்டுவிடும். எலி வரும், எறும்பு வரும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பெரிய மில்களில் உமி தனியாகப் பிரிந்து வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். நெல் அவிக்கும் மில்காரர் உமியைத் தங்கள் அடுப்புக்கே எரிப்பதால் சில வேளைகளில் தர மாட்டார்கள். அறுவடை முடிந்து குவிந்து கிடக்கும் நேரத்தில் போனால் முகம் சுளிக்காமல் தருவார்கள்.

மரத்தூள் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. அது தவிர வேறு வழியில்லை என்றால் இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்பிக் காயவிட்டு, பாதிக்குப் பாதி உமியோடு கலந்து போடுங்கள். தனியே போட்டால் குழைந்து அப்பிவிடும். சின்னக் குஞ்சுகள் அதைத் தீன் என்று நினைத்துத் தின்று இரைப்பை அடைத்துச் சாவதும் உண்டு.

தென்னை உள்ள பளை, புத்தளம், சிலாபம் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தும்புத்தூள் கிடைக்கும். தன் நிறையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும் சாமான் அது. பூச்சாடிக்கு அது நல்ல குணம். கூட்டுக்குள் என்றால் குடித்ததை விடாமல் பிடித்து வைத்திருக்கும். கோடையில் நன்றாகக் காயவைத்துப் பாவிக்கலாம். மாரியில் வேண்டாம்.

முல்லைத்தீவுப் பக்கம் கச்சான் கோது போடுகிறார்கள். அது நல்ல விரிப்புத்தான். ஆனால் ஒரு பை கோதில் ஒரு பிடி பூஞ்சணம் பிடித்திருந்தாலும் முழுப் பையையும் எறியுங்கள். அந்தப் பூஞ்சணம் குஞ்சின் ஈரலையும் சுவாசத்தையும் கெடுக்கும். கடற்கரைப் பக்கத்தில் மணல் போடுவோரும் உண்டு. வளர்ந்த கோழிக்குப் பரவாயில்லை. குஞ்சுகளுக்கு மாரிக்காலத்தில் மணல் சில்லிட்டுப் போகும். அலையடிக்கும் இடத்து மணலில் உப்பு இருப்பதால் அது காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

வைக்கோல்தான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரும். அறுவடை மெசின் வந்த பிறகு வயலெல்லாம் சும்மா கிடக்கிறது. முழுவைக்கோலைப் போட்டால் மேற்புறம் காய்ந்து தெரியும், கீழே ஒட்டிப் பாய் போல் ஆகி அழுகும். இரண்டு அங்குலத் துண்டாக வெட்டித்தான் போட வேண்டும். கூட்டுக்குப் பக்கத்தில் அதைக் குவித்து வைக்கவும் வேண்டாம். சிந்திய தீனுக்கு எலி வரும், வைக்கோலுக்குள் குட்டி போடும், எலியைத் தேடிப் பாம்பு வரும். பக்கத்து வளவு அக்கா ஒரு விடியற்காலை வைக்கோல் இழுக்கக் கை வைத்த இடத்தில் புடையன் சுருண்டு கிடந்தது. அன்று கடவுள் காப்பாற்றினார். கனடாப் பாம்புக்கு விஷம் இல்லை, எங்கள் ஊர்ப் புடையன் அப்படி அல்ல. விரிப்புச் சாமானைப் பையில் கட்டி, நிலத்தில் இருந்து உயர்த்தி, பலகை மேல் வையுங்கள். எடுக்கும்போது முதலில் தடியால் தட்டுங்கள். இரவில் கூட்டுக்குள் கை விடுவதென்றால் ரோர்ச் இல்லாமல் போக வேண்டாம்.

பையைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. யூரியாப் பையை அப்படியே பாவிக்காதீர்கள். ஒட்டியிருக்கும் உரம் குஞ்சுக்கு நஞ்சு. கழுவிக் காயவைத்த பிறகு அள்ளுங்கள்.

விரிக்கிற விதத்துக்கு வருவோம். நிலம்தான் முதல் விரிப்பு. சுற்றியுள்ள நிலத்தைவிடக் கூட்டின் தரை அரை அடியாவது உயர்ந்து இருக்க வேண்டும். நான் கிரவல் கொட்டி இறுக்கி அடித்தேன். இல்லாவிட்டால் மாரியில் மேலிருந்து ஒரு துளி விழாவிட்டாலும் கீழிருந்து ஊறும். ஒரு நாள் குஞ்சு என்றால் இரண்டு அங்குலத் தடிப்புக்கு விரிப்புப் போதும். வளர வளரப் புதிதாக மேலே போட்டுக்கொண்டு போய் நாலு ஆறு அங்குலம் வரை உயர்த்தலாம். 25 கோழிக்கு ஐம்பது சதுர அடிக் கூடு என்றால், மூன்று அங்குலத்துக்கு விரிக்க 5 அல்லது 6 உரப்பை உமி பிடிக்கும்.

முதல் மூன்று நாள் விரிப்பின் மேல் பத்திரிகைத் தாளைப் பரப்பி அதன் மேல் தீனைத் தூவுங்கள். அப்போதுதான் குஞ்சு தீன் எது, உமி எது என்று பழகும். நனைந்த தாளை அன்றன்றே மாற்றுங்கள். மினுங்கும் தாள் கூடாது. வெறும் தாளிலேயே நாட்கணக்காக விட்டால் கால் வழுக்கி அகட்டிக்கொண்டு குஞ்சு நொண்டியாகிவிடும். பாம்புக்குப் பத்திரிகைத் தாளே போதும் என்று தம்பி சொன்னபோது, அதற்குக் கால் இல்லை, வழுக்கினால் என்ன என்று நான் பகிடி விட்டேன்.

சூட்டுக்குப் பல்போ லாம்போ வைப்பவர்கள் அதை விரிப்பின் மேல் வைக்கவே கூடாது. உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அறுந்தாலும் கீழே விழாதபடி இரண்டாவது கயிறும் போடுங்கள். காய்ந்த உமி பற்றினால் அணைக்க நேரம் இருக்காது.

கூட்டுக்குள் ஈரம் கூடுதலாக வருவது மழையால் அல்ல, தண்ணீர்ப் பாத்திரத்தால். அதை ஒரு செங்கல்லின் மேல் வைத்து, குஞ்சின் முதுகு உயரத்துக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சு வளரக் கல்லையும் கூட்டுங்கள். பாத்திரத்தைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் ஒரு சிரட்டையால் அள்ளி எறிந்து, காய்ந்ததைப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. கிழமைக்கு இரண்டு தரம் விறாண்டியால் முழுவதையும் கிளறிவிடுங்கள். கோழி பெரிதானதும் அந்த வேலையை அதனிடமே விட்டுவிடலாம். காலையில் ஒரு பிடி நெல்லை விரிப்பின் மேல் வீசினால் போதும், நாங்கள் தேநீர் குடித்து முடிய முன்னமே மூலை முடுக்கெல்லாம் கிளறி வைத்துவிடும்.

ஈரத்தைப் பார்ப்பது எப்படி என்று வைத்தியர் எனக்குக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பொத்தி, கையை விரியுங்கள். மெல்ல உடைந்து உதிர்ந்தால் அளவான பதம். நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு ஈரம் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது. கொஞ்சமும் சேராமல் புழுதியாகப் பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது, அந்தத் தூசும் குஞ்சுக்குத் தும்மலைக் கொடுக்கும். பார்த்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இன்னொன்று மூக்கு. விடியற்காலை கூட்டைத் திறந்தவுடன் குஞ்சின் உயரத்துக்குக் குந்தி மணந்து பாருங்கள். எங்கள் நின்ற உயரத்தில் ஒன்றும் தெரியாது. கண் எரிகிற மாதிரி மூத்திர நெடி அடித்தால் அது அமோனியா. இரவு முழுக்க அந்தக் குஞ்சுகள் அதைத்தான் சுவாசித்திருக்கின்றன. ஈர இடத்தை அள்ளுங்கள், காற்று வரும் பக்கத்துச் சாக்கை உயர்த்திக் கட்டுங்கள். குளிருமே என்று நாலு பக்கமும் மூடிக் கட்டுவது எங்கள் தாய்மனம். கீழ்ப்பாதியை மூடினால் போதும், மேற்பாதி திறந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்பு தூவலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். குஞ்சு உள்ளே இருக்கும்போது வேண்டாம். காலையும் கண்ணையும் சுடும். ஒரு தொகுதிக் கோழியை விற்ற பிறகு எல்லாவற்றையும் அள்ளி, கழுவி, தரைக்குச் சுண்ணாம்பு பூசி, இரண்டு கிழமை வெறுமனே காயவிடுங்கள். அடுத்த தொகுதிக்குப் பழைய உமி பாவிக்கலாமா என்று ஆசை வரும். நோய் வந்த கூடு என்றால் ஒரு சிரட்டை கூட மிச்சம் வைக்காதீர்கள்.

அள்ளிய விரிப்பு வீண் போகாது. கூட்டில் இருந்து தூரத்தில் குவித்து, ஓலையால் மூடி, இடைக்கிடை புரட்டி இரண்டு மாதம் உக்கவிட்டால் முதல்தரமான பசளை. புதிதாகவே கத்தரிக்கும் மிளகாய்க்கும் போட்டுச் செடியைக் கருக்கிவிடாதீர்கள், நான் கருக்கி இருக்கிறேன். போன போகம் எனக்குப் பாவித்து மிஞ்சிய பசளையை ஒரு தோட்டக்காரர் வந்து காசு கொடுத்து ஏற்றிப் போனார். உமி ஏற்றி வந்த கூலி அதில் வந்துவிட்டது.

2011இல் தப்பிய 8 குஞ்சில் 6 பேடு. அந்த முட்டையில்தான் மகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கினேன். அடுத்த முறை குஞ்சு எடுக்க முதல் ஒரு மாதம் உமி தேடி அலைந்தேன். ஊரில் சிரித்தார்கள். அந்த முறை 25இல் 23 வளர்ந்தன. இப்போது யாராவது சகோதரிக்குத் திட்டத்தில் குஞ்சு வருகிறது என்று கேள்விப்பட்டால், குஞ்சு வருகிற நாளைக் கேட்பதில்லை, உமி இறக்கிவிட்டாயா என்றுதான் கேட்கிறேன். குஞ்சு தருகிறவர்களிடமும் கேளுங்கள். பட்டியலில் 5 பை உமியும் சேர்க்கச் சொல்லுங்கள். தீன் மூடையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை.

தம்பி நேற்றும் எடுத்தான். அஸ்பென் சீவலே போட்டானாம். பாம்பு அதற்குள் புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கிறதாம், படம் அனுப்பினான். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்துச் சீவலைத் தினமும் கையால் பிடித்துப் பார்க்கச் சொல்லி இருக்கிறேன்.

உங்கள் பக்கத்தில் என்ன விரிக்கிறீர்கள், மாரியில் அது எப்படி நின்று பிடிக்கிறது என்று எழுதுங்கள். மலையகச் சகோதரிகள் குளிருக்கு என்ன செய்கிறார்கள் என்று அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது. வருகிற கடிதங்களை அடுத்த மாதம் இதே பக்கத்தில் சேர்ப்போம்.